ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்பது ஏக்கர்

நிலம் அளக்கும் சங்கிலி போனதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் நில அளவையர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பெண், இப்போது வேடசந்தூர்ப் பக்கம் சர்வேயராக இருப்பவர், நான் பழைய சங்கிலியை நினைத்து உருகுவேன் என்று எதிர்பார்த்துத்தான் வந்தார். அவர் கொண்டுவந்திருந்த ரோவர் கருவியை வாங்கிப் பார்த்தேன். நாம் நிற்கும் இடம் எது என்று விரற்கடை பிசகாமல் சொல்கிறது. நாங்கள் நான்கு நாள் முள்ளில் கிழிபட்டு அளந்ததை இவர்கள் அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். நல்லதுதான். என் முழங்கால்கள் இரண்டும் அதை ஒப்புக்கொள்ளும்.

அவர் கேட்டது வேறு. என் சர்வீஸில் அளந்ததிலேயே கஷ்டமான நிலம் எது என்று கேட்டார். மலைச்சரிவு, கோர்ட் வழக்கு, பங்காளிச் சண்டை என்று ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார். நான் சொன்ன நிலம் குஜிலியம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. ஒரு ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்பது ஏக்கர், உசிலை மரமும் கிளுவையும் அடர்ந்த காடு. அளப்பதற்கு ஒன்றும் கஷ்டமான நிலம் இல்லை. அளந்து முடித்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது.

அதற்கு முன்னால் ஒரு கடற்கரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் திண்டுக்கல் பக்கத்து அகரத்துக்காரன். வீட்டில் பூ விவசாயம். அப்பா என்னை சவரிமுத்து என்று கூப்பிட்டதைவிட மல்லிச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொல்லிக் கத்தியதுதான் அதிகம். அதிலிருந்து தப்பிக்கவே பரீட்சை எழுதி சர்வேயர் ஆனேன். சில மாதப் பயிற்சியில் சங்கிலி பிடிக்கவும், குறுக்குக்கட்டை வைத்துச் செங்கோணம் பார்க்கவும், புல வரைபடம் போடவும் கற்றுக்கொண்டேன். முதல் வேலை கடலோர மாவட்டம் ஒன்றில். அதுவரை கடலையே பார்த்திராத ஆள் நான்.

அங்கே ஒரு கழிமுகத்தை அளக்கச் சொன்னார்கள். கால் புதைகிற சேறு. அலையாத்திச் செடிகள் வேரை வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கூட்டம் தெரிந்தது. பூநாரை என்று கூடச் சங்கிலி இழுக்க வந்த செயின்மேன் சொன்னார். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. நெல் விளையாது, கிணறு வெட்ட முடியாது, வரி போட வழியில்லை என்பதுதான் பட்டது. பதிவேட்டில் நில வகை என்ற கட்டத்தில் 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று எழுதினேன். அந்தக் கட்டத்துக்கு எனக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். மேலதிகாரி ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

சில வருடம் கழித்து அதே வழியாகப் போனபோது அந்த இடத்தில் வரப்புக் கட்டி இறால் பண்ணை போட்டிருந்தார்கள். தரிசு என்று இருந்ததால் கேட்டவருக்குக் குத்தகைக்குப் போயிருந்தது. சட்டப்படி தப்பில்லை. கரையோரம் நண்டுக் கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என் முகம் நினைவிருந்தது போலும். "நீங்கதான சார் அளந்தது? அப்ப இங்க என்னதான் இருந்துச்சுன்னு எழுதுனீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பஸ் ஏறிவிட்டேன். அலையாத்தியும் இல்லை, பூநாரையும் இல்லை. நான் எழுதிய ஒரு சொல் மட்டும் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது.

பிறகு திண்டுக்கல்லுக்கு மாற்றல் வாங்கி வந்து, வத்தலக்குண்டு, நத்தம், வேடசந்தூர் என்று வருடங்கள் ஓடின. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வரப்புத் தகராறும் வழித் தகராறும் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கும்போது, வனத்துறைக்கு எல்லை அளந்து கொடுக்க என்னை அனுப்பினார்கள். நம் மாவட்டத்தின் கிழக்கு வறண்ட பக்கத்தில், கரடுகளிலும் முள்காடுகளிலும், தேவாங்கு என்று ஒரு சின்ன உயிர் இருக்கிறது. குரங்கைவிடச் சின்னது, எலும்பும் தோலுமாக இருக்கும். கண் மட்டும் முகத்தில் பாதி. உலகத்தில் அது பிழைத்துக் கிடக்கும் இடங்கள் கொஞ்சம்தான், அதில் நம் முள்காடு ஒன்று. அந்தக் காடுகளை நிரந்தரமாகப் பாதுகாக்க அரசாங்கம் திட்டம் போட்டது. பாதுகாக்க வேண்டுமென்றால் காடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டுமே. அதற்குத்தான் நான்.

எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் ரேஞ்சர் தமயந்தி. நாற்பது வயதுக்குள் இருக்கும். கீரனூர்க்காரர். பழனிப் பக்கத்துப் பேச்சு, எதற்கும் ஒரு 'ங்க' வரும். குற்றவாளியைப் பிடித்துவைத்து விசாரிக்கும்போதுகூட வரும் என்று வனக்காவல் கார்டுகள் சொல்லிச் சிரிப்பார்கள்.

முதல் நாளே அவரைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் ஏற்பட்டது. பெரும்பாலான அதிகாரிகள் ஜீப்பில் உட்கார்ந்திருப்பார்கள், வேலை முடிந்ததும் வரைபடத்தைக் கேட்பார்கள். இவர் புல வரைபடத்தைப் பாறையில் விரித்து வைத்து, அதை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தரும்படி என்னிடம் கேட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை. அன்று மாலைக்குள் கோணக்கோட்டையும் குறுக்களவையும் பிரித்துப் படிக்கத் தெரிந்துகொண்டார். மறுநாளிலிருந்து செயின்மேன் அழகர் அளவைக் கூவுவார், நான் எழுதுவேன், ரேஞ்சர் தன் நோட்டிலும் எழுதிக்கொண்டு திருப்பிப் படிப்பார். மூன்றும் ஒத்துப்போனால்தான் சங்கிலி அடுத்த இடத்துக்கு நகரும். அழகர் என் வயதுக்காரர், முப்பது வருடமாகச் சங்கிலி இழுப்பவர். ரேஞ்சர் அவரை 'அழகரண்ணே' என்றுதான் கூப்பிடுவார். மத்தியானம் தன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால், தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் முதலில் அழகர் தட்டுக்குப் போகும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அளந்து முடிக்காத நிலத்தை அவர் ஒருபோதும் 'எங்க காடு' என்று சொல்லமாட்டார். கார்டுகள் யாராவது அப்படிச் சொன்னால், "இன்னும் அளக்கலீங்களே" என்பார். அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தில் வடக்கே ஒரு கரடு, தெற்கே ஒரு கரடு. இரண்டும் காப்புக்காடு. நடுவில் இரண்டையும் இணைப்பது நான் முதலில் சொன்ன அந்த ஒன்பது ஏக்கர்தான். மேற்கே ஓடை, ஓடைக்கு அப்பால் ஊரின் கடலைக் காடும் சோளக்காடும். கிழக்கே வெறும் பாறைத் தரை, புல்கூட முளைக்காது. ஓடை வரைக்கும் காப்புக்காடு என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. ஓடைக்கரையில் சாய்ந்து கிடந்த ஒரு கல்லைக் காட்டி, இதுதான் எல்லை என்றார்கள்.

இரண்டாம் நாள் வேலை முடிந்து இருட்டத் தொடங்கிய நேரம், ரேஞ்சர் என்னையும் அழகரையும் அங்கே கூட்டிப்போனார். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டியிருந்தார். வெள்ளை வெளிச்சம் தேவாங்கின் கண்ணுக்கு ஆகாதாம். செத்த நேரம் சும்மா நின்றோம். பிறகு ஒரு உசிலைக் கிளையில் இரண்டு கங்குகள் தெரிந்தன. பக்கத்தில் போய்ப் பார்த்தபோது, கங்குக்குப் பின்னால் ஒரு சாம்பல் உருவம். ஒரு கையை நீட்டி அடுத்த மரத்தின் குச்சியைப் பிடித்தது. பிடி சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தது. பிறகு மறு கை. பிறகு ஒரு கால். அவசரமே இல்லை. அதன் முதுகில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அழகர் தன்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இதுக்குத் தாவத் தெரியாதுங்க சார்," என்றார் ரேஞ்சர் மெல்லிய குரலில். "ஒரு மரத்துலிருந்து அடுத்த மரத்துக்குக் கை எட்டோணும். எட்டலைன்னா தரையில எறங்கோணும். எறங்குனா நாயி புடிச்சிரும். இந்த எடம் போச்சுன்னா வடக்குக் கரட்டுல இருக்கறது அங்கயே நின்னு போகுங்க, தெக்க இருக்கறது தெக்கயே நின்னு போகும்."

நான்காம் நாள் அந்தக் கல்லைக் கண்டுபிடித்தேன்.

ஓடைக்கரையில் கிடந்த கல் எனக்கு முதலிலேயே உறுத்தியது. நட்ட கல் அப்படிச் சாயாது, வெள்ளம் உருட்டி வந்த கல்தான் அப்படிக் கிடக்கும். பழைய வரைபடத்தின்படி, மூன்று கிராமங்களின் எல்லை கூடும் முச்சந்திக் கல் ஒன்று அந்த வட்டாரத்தில் இருந்தாக வேண்டும். ரேஞ்சர் அன்று அலுவலக வேலையாகத் திண்டுக்கல் போயிருந்தார். நானும் அழகரும் மட்டும் வடக்கே நன்றாக நின்றிருந்த ஒரு கல்லிலிருந்து சங்கிலியைப் பிடித்து வந்தோம். கணக்குப்படி முச்சந்திக் கல் இருக்க வேண்டிய இடம், ஓடையைத் தாண்டி, ஒன்பது ஏக்கரையும் தாண்டி, பாறைத் தரையின் ஓரத்தில் ஒரு கள்ளிப் புதரில் போய் விழுந்தது. புதருக்குள் ஆளுயரக் கரையான் புற்று. அழகர் புற்றைக் கும்பிட்டுவிட்டு, அதைத் தொடாமல் ஓரமாகக் கடப்பாரையை விட்டார். இரண்டு அடி ஆழத்தில் கல் தட்டுப்பட்டது. மண்ணைத் துடைத்தால் தலையில் வெட்டிய குறி பளிச்சென்று இருந்தது.

தெற்குக் கல்லிலிருந்து திரும்பவும் அளந்தோம். சங்கிலியில் ஒரு லிங்க், அதாவது ஒரு கண்ணிகூடப் பிசகவில்லை.

காப்புக்காட்டின் எல்லை ஓடை இல்லை, இந்தக் கல்தான். அப்படியென்றால் காட்டுக்குச் சொந்தமானது கல்லுக்குக் கிழக்கே உள்ள வெறும் பாறை. மரமெல்லாம் நிற்கிற ஒன்பது ஏக்கர் பட்டா நிலம். பதிவேட்டில் பார்த்தேன். பெரியகருப்பன் என்று ஒரு பெயர். இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகன் கருப்பையாவும் மருமகள் பழனியம்மாளும் ஓடைக்கு இந்தப் பக்கம்தான் குடியிருந்தார்கள். அந்தச் சமயம் அந்தப் பக்கமெல்லாம் சூரிய மின்தகடு போடுவதற்காக நிலம் வாங்க ஆட்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நல்ல விலை கொடுத்தார்கள். வாங்கிய நிலத்தில் முதல் வேலை, ஒரு செடி விடாமல் வழித்துத் தள்ளுவது.

அன்று மாலை நான் யோசித்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அந்தக் கல்லைப் பார்த்தது நாங்கள் இரண்டே பேர். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, 'முச்சந்திக் கல் காணப்படவில்லை, அனுபவ எல்லையான ஓடையே எல்லையாகக் கொள்ளப்பட்டது' என்று எழுதிவிட்டால், யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. நிலத்துக்காரர்களுக்கே தங்கள் நிலம் என்று தெரியாது. தெரியாததை இழப்பதில் யாருக்கு என்ன வலி? கடற்கரையில் ஒரு சொல்லை எழுதி ஒரு கழிமுகத்தைத் தொலைத்தேன். இங்கே ஒரு வாக்கியம் எழுதி ஒரு காட்டைக் காப்பாற்றலாமே என்று தோன்றியது. அழகரைப் பார்த்தேன். "நீங்க என்ன சொல்றீகளோ அதான் சார்," என்றார்.

மறுநாள் காலை ரேஞ்சரிடம் கல்லைக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். நான் யோசித்ததையும் சொன்னேன். அவர் கல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் தலைக்குறியை விரலால் தடவிப் பார்த்தார். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

"சார், இந்தக் கல்ல நீங்க கண்ணுல பாத்தீங்களுங்களா?" என்று கேட்டார்.

பார்த்தேன் என்றேன்.

"அப்பப் பாத்தேன்னே எழுதீருங்க."

நான் தேவாங்கைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவரே சொன்னார்: "எனக்கும் நேத்து ராத்திரி தெரிஞ்சிருந்தா உங்கள மாதிரிதான் தோணியிருக்குங்க. ஆனா இந்த ஒரு கல்லுல நாம பொய் சொல்லிப்போட்டா, நாளைக்கு எவனாவது இதத் தோண்டி எடுத்துக் கோர்ட்டுல வெப்பான். அப்பறம் நாம நட்ட அம்புட்டுக் கல்லும் பொய்யாயிருமுங்க. அதுபோக, அந்த வீட்டுக்காரங்ககிட்ட நான் எந்த மொகத்த வெச்சுக்கிட்டுப் பேசறது?"

நான் எழுதினேன். கல் காணப்பட்டது என்று, அளவுகளோடு.

அறிக்கை அனுப்பி, நோட்டீஸ் போய், அந்தக் குடும்பத்துக்குத் தகவல் சேர மாதக்கணக்காகலாம். அதுவரை சும்மா இருந்திருக்கலாம். ரேஞ்சர் அதற்குக் காத்திருக்கவில்லை. அன்றே அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்.

பழனியம்மாள் வாசலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்க்கிறார், வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. காக்கி உடுப்பைக் கண்டதும், எங்க ஆடு ஓடையைத் தாண்டாது, வேறு யார் ஆடோ தாண்டியிருக்கும் என்று எழுந்திருக்காமலே சொன்னார். ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்பது ஏக்கர் உங்கள் மாமனார் பேரில் இருக்கிறது, நேற்றுத்தான் அளவில் தெரிந்தது, இனி யாரும் உங்களைத் தடுக்க முடியாது என்று சொன்னார். நான் வரைபடத்தை விரித்துக் காட்டினேன்.

பழனியம்மாள் வரைபடத்தைப் பார்க்கவில்லை. எழுந்து நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். ஓடைக்கரையில் ஒரு கணம் நின்றார். பிறகு இறங்கி, காய்ந்த மணலைக் கடந்து, அக்கரையில் ஏறி, முதல் உசிலை மரத்தின் அடியில் போய் நின்றார். அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து இருபத்தைந்து வருடத்தில் அன்றைக்குத்தான் அங்கே கால் வைத்தாராம்.

"எங்க மாமனாரு இந்த ஓடையத் தாண்டவே மாட்டாரு," என்றார். "ரெம்ப நாளைக்கு முன்னாடி உங்க கார்டு ஒருத்தரு, ஊரே பாக்க, அவரு ஆட்ட மடக்கி, திருடன்னு சொல்லி வெரட்டிவிட்டாராம். அன்னைலேருந்து சாகுற மட்டும் இந்தப் பக்கம் ஏறிட்டுப் பாக்கல. தன் நெலத்துக்குத் தானே திருடனாக் கெடந்திருக்காரு மனுசன்."

ரேஞ்சர் பக்கத்தில் வந்தார். "அந்த ஆளு இப்ப இல்லீங்க. ஆனா உடுப்பு இதேதானுங்க. அதனால மன்னிப்பு நாந்தான் கேக்கோணும்," என்றார். சொல்லிவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். என் சர்வீஸில் ஒரு அதிகாரி ஒரு விவசாயக் குடும்பத்திடம் அப்படி நின்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பழனியம்மாள் நேராகவே கேட்டார்: "சரி. இப்ப எங்ககிட்ட என்ன கேட்டு வந்தீக?"

"கேக்க ஒண்ணும் வரலீங்க. சொல்லத்தான் வந்தேன்."

தேவாங்கு இருப்பதையும் சொன்னார். அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம், அது யார் நிலமாக இருந்தாலும் குற்றம் என்றார். நிலத்தை வைத்துக்கொள்வதும் விற்பதும் உங்கள் இஷ்டம் என்றும் சொன்னார். வேண்டுகோள் என்று ஒரு வார்த்தை இல்லை. திரும்பி ஜீப்புக்கு நடக்கும்போது எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது. கேட்டிருக்கலாமே என்றேன். இப்போதுதான் சொந்தம் என்று தெரிந்திருக்கிறது, ஒரு நாளாவது அதை அவர்கள் அனுபவிக்கட்டும் என்றார்.

நிலம் வாங்குகிறவர்கள் ஒரு மாதத்தில் அந்த வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எல்லையில் மாற்றம் வந்தால் அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. பக்கத்து நிலங்கள் இரண்டு ஏற்கெனவே கைமாறி, மொட்டையடித்தாற்போல் கிடந்தன. கருப்பையாவுக்கு விற்கும் எண்ணம் இருப்பதாக அழகர் கேள்விப்பட்டு வந்து சொன்னார். மகள் திண்டுக்கல்லில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். குறை சொல்ல என்ன இருக்கிறது? ரேஞ்சர் நினைத்திருந்தால் அந்தச் சட்டம், இந்தச் சட்டம் என்று நோட்டீஸ் போட்டு இழுத்தடித்திருக்கலாம். ஒரு தாள் அனுப்பவில்லை. ஆனால் ரோந்து முடிந்து திரும்பும்போது மேட்டில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, மரங்கள் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் போவாராம். டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

விற்பதா வேண்டாமா என்ற பேச்சு இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் எனக்கு ஓய்வு வந்துவிட்டது. ரேஞ்சருக்கும் வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்த நேரம், பழனியம்மாளும் கருப்பையாவும் திண்டுக்கல்லில் என் வீட்டு வாசலில் நின்றிருந்தார்கள். ஒரு பையில் கடலை கொண்டுவந்திருந்தார்கள். ஒன்பது ஏக்கரை இரண்டாகப் பிரிக்க வேண்டும், எப்படி மனுப் போடுவது என்று கேட்டார்கள். ஓடையை ஒட்டிய மூன்று ஏக்கரில் மரம் குறைவு. அதை வைத்துக்கொண்டு உழப்போகிறார்கள். மரம் நிற்கும் ஆறு ஏக்கரை வனத்துறைக்கு எழுதிக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

நான் காதில் விழுந்ததை நம்பாமல் மறுபடியும் கேட்டேன். விற்கவில்லையா என்றேன்.

"வாங்க வந்தவுக மொதல்ல கேட்டதே, எம்புட்டு நாளுல மரத்த எடுத்துத் தருவீகன்னுதான்," என்றார் பழனியம்மாள். "அந்த நெலத்துல என்ன இருக்குன்னுகூடக் கேக்கல. எனக்கு மனசு ஒப்பல. அப்புறம் ஒரு நா பொழுதடைய ஆட்டுக்குட்டியத் தேடிக்கிட்டு உள்ள போனோம். அது கெளைல உக்காந்து எங்களயே பாத்துச்சு. இவரும் பாத்தாரு. அதுக்கு வேற போக்கிடம் இல்லயாம்ல சார்?"

ரேஞ்சர் அம்மா கேட்டுக்கொண்டாரா என்றேன்.

"அந்தம்மா கேட்டிருந்தாக் குடுத்திருக்க மாட்டோம்."

"எனக்கு அரை மனசுதான் சார்," என்றார் கருப்பையா. "இவளுக்கு முழு மனசா இருக்கு. ரெண்டையும் கூட்டிப் பாத்தா ஒண்ணுக்கு மேலதான வருது."

அவர்கள் போனதும் தமயந்திக்குப் போன் செய்தேன். குதூகலப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, அவசரப்படுத்த வேண்டாம் என்றார். கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு அங்கே ஒரு சுள்ளி பொறுக்க முடியாது, ஆடு விட முடியாது, அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றார். "மூணு மாசம் யோசிக்கச் சொல்லுங்க சார். அந்தண்ணனுக்கும் முழு மனசு வரட்டும். வரலைன்னா அவங்களுதாவே இருக்கட்டுமுங்க."

அப்படியே சொன்னேன். மூன்று மாதம் கழித்து இருவரும் மறுபடியும் வந்தார்கள். கருப்பையாவிடம் மனசு இப்போது எப்படி என்று கேட்டேன். முக்கால் என்றார். இதற்கு மேல் ஏறாது, ஆனால் இறங்கவும் இறங்காது என்றார்.

ஆறு ஏக்கரைப் பிரித்து அளந்தது புதிதாக வந்த சர்வேயர், ரோவரை வைத்து. நான் பார்வையாளனாகப் போய் உசிலை நிழலில் நின்றேன். எனக்கு அது விநோதமாக இருந்தது, சுகமாகவும் இருந்தது. பிரிக்கும் கோட்டைப் பழனியம்மாள்தான் நடந்து காட்டினார். நேராக நடக்கவில்லை. பெரிய மரம் ஒன்று தன் பக்கம் வந்தால், அதைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் சேர்த்தார். நேர்கோடாக இருந்தால் சுலபம் என்று சர்வேயர் சொல்லிப் பார்த்தார். மரம் நேராவா நிக்குது என்று பதில் வந்தது. அந்த எல்லைக் கோட்டில் பதினோரு முனை விழுந்தது. நான் இதுவரை பார்த்த உட்பிரிவுக் கோடுகளிலேயே கோணலானது அதுதான்.

தானப் பத்திரம் எழுத சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம். வாசலில் இருந்த பத்திர எழுத்தர் பழம் தின்று கொட்டை போட்டவர். தானப் பத்திரத்தில் கொடுப்பதற்குக் காரணம் எழுத வேண்டும். வழக்கமாக 'தங்கள் மீதுள்ள அன்பினாலும் பாசத்தினாலும்' என்று வரும். அப்பன் மகனுக்கும், அண்ணன் தம்பிக்கும் எழுதுவது. அவர் பேனாவை நிறுத்திவிட்டு, அரசாங்கத்தின் மேல் என்ன பாசம் என்று எழுதுவது என்று கேட்டார். கருப்பையா மனைவியைப் பார்த்தார்.

"பாசமெல்லாம் இல்ல," என்றார் பழனியம்மாள். "எங்க நெலம் எங்களோடதுதான்னு ஒரு ஆபீசரு வீடு தேடி வந்து சொன்னாங்க. அதத்தான் எழுதணும்."

பத்திர எழுத்தர், அது காரணம் ஆகாது, எந்த மாதிரிப் படிவத்திலும் கிடையாது, பொது நன்மையை முன்னிட்டு என்று போட்டுவிடலாம் என்றார். பழனியம்மாள் தலையாட்டவில்லை. அடுத்து இரண்டு பேர் காத்திருந்தார்கள். கருப்பையா குனிந்து, "அவ சொல்ற மாதிரியே எழுதுங்கண்ணே," என்றார்.

எழுத்தர் கொஞ்சம் யோசித்து, பத்திரத் தமிழில் அதை எழுதிப் படித்துக் காட்டினார்: "மேற்படி சொத்து எங்களுக்கே பாத்தியப்பட்டது என்கிற உண்மையை வனத்துறை அலுவலர் எங்கள் இல்லத்துக்கு நேரில் வந்து தெரிவித்தபடியினாலும், மேற்படி சொத்தில் தேவாங்குகள் வசித்து வருகிறபடியினாலும், நாங்கள் மனமுவந்து..."

பழனியம்மாள் ஒவ்வொரு சொல்லையும் கவனமாகக் கேட்டார். சரி என்றார்.

முதல் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். ஆயிரக்கணக்கான வரைபடங்களில் போட்ட கையெழுத்துதான். கீழே பதவியை எழுதாமல் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதியது அதுவே முதல் தடவை. எழுதி முடித்து நிமிர்ந்தபோது பழனியம்மாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். டீயாவது குடித்துவிட்டுப் போகலாம் என்றேன்.

"இல்ல சார், வாரோம். இந்த பஸ்ஸ விட்டா அடுத்தது பொழுதடையத்தான். ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்," என்றார். இருவரும் ரோட்டைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றார்கள். நடுவழியில் கருப்பையா எதையோ சொல்ல, பழனியம்மாள் சிரித்தது தெரிந்தது.